ஏசி128-க்குப் பதிலாக எதையாவது மாட்டுவதற்கு முன்

ஏசி128 ஒரு பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்; இப்போது கடையில் எளிதாகக் கிடைப்பவை சிலிக்கான். பழைய ஜெர்மானியம் சர்க்யூட்டைக் கட்ட உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது, எதற்குப் பதில் எதைப் போடலாம் என்று சொல்லும் ஈக்விவலென்ட் பட்டியலைத்தான். எத்தனை வோல்ட், எவ்வளவு கரண்ட், பிஎன்பியா என்பிஎன்னா (கரண்ட் எதிரெதிர் திசையில் ஓடும் இரண்டு டிரான்சிஸ்டர் வகைகள்) என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பாகம் சர்க்யூட்டில் என்ன வேலை செய்கிறது என்பது இருக்காது.

பேட்டரி இல்லாமல் ஓடும் கிரிஸ்டல் செட் ரேடியோவில், ஜெர்மானியம் டயோடான ஓஏ79 கிடைக்கவில்லை என்று சிலிக்கான் டயோடான 1என்4148 போட்டால் ஹெட்போனில் பெரும்பாலும் சத்தமே வராது. ஜெர்மானியம் டயோடு 0.2 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கிவிடும், சிலிக்கானுக்கு 0.6 வேண்டும். ஏரியலில் வருவது பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. பிஏடி46 போன்ற ஷாட்கி டயோடு பரவாயில்லை.

பெரிய சிக்கல் அவுட்புட்டில்தான். 9 வோல்ட் ரேடியோவில் இரண்டு ஏசி128 புஷ்-புல்லாக, அதாவது சிக்னலின் ஆளுக்கொரு பாதியைப் பெருக்கும்படி, நிற்கும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். அவற்றில் பேஸுக்குக் கிடைக்கும் பயாஸ், அதாவது டிரான்சிஸ்டரை விழித்திருக்க வைக்கும் வோல்டேஜ், சுமார் 0.15 வோல்ட். அங்கே 0.6 கேட்கும் சிலிக்கான் போட்டால் இரண்டுமே தூங்கும். பாட்டைச் சத்தமாக வைத்தால் ஓரளவு கேட்கும், குறைத்தால் கிழிந்த காகிதம் போல் கரகரக்கும். ஸ்பீக்கரைக் குறை சொல்லி மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். பயாஸ் ரெசிஸ்டரைத்தான் மாற்ற வேண்டும். சிக்னல் இல்லாதபோது ஓடும் கரண்ட்டை மீட்டரில் பார்த்துக்கொண்டே, சில மில்லிஆம்பியர் வரை மெல்ல ஏற்றுங்கள். சிலிக்கான் பிஎன்பியான பிசி557 இந்த இடத்துக்கு ஆகாது: அது தாங்குவது 100 மில்லிஆம்பியர்தான், ஏசி128 ஒரு ஆம்பியர் தாங்கும். இன்னொரு சிலிக்கான் பிஎன்பியான பிசி327 பொருந்தும்.

அவுட்புட்டுக்கு முன்னால் சின்னச் சிக்னலைப் பெருக்கும் ஓசி71 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு பிசி557 போடலாம். எமிட்டர் ரெசிஸ்டர் இருந்தால் பயாஸ் கொஞ்சம்தான் நகரும். ஆனால் ஓசி71 ஆடியோவுக்கென்றே பிறந்தது. பிசி557 நூறு மெகாஹெர்ட்ஸைத் தாண்டும், அதனால் தானே ஆஸிலேட் ஆகக்கூடும், அதாவது சிக்னல் இல்லாமலே அதிரத் தொடங்கும். கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 100 பிகோஃபாரட் வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

கையில் என்பிஎன்தான் இருக்கிறது என்று மாற்றினால் பேட்டரி, எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள், டயோடுகள் எல்லாவற்றையும் திருப்ப வேண்டும். ஒன்றை மறந்தாலும் போச்சு.

அப்புறம், கடையில் ஏசி128 கிடைத்தால் உடனே நம்பிவிடாதீர்கள், பெயர் மாற்றி அச்சடித்ததும் வருகிறது. பேஸை எதிலும் இணைக்காமல் விட்டுவிடுங்கள். எமிட்டரை 9 வோல்ட் பாசிட்டிவ்விலும், கலெக்டரை 1 கிலோ ஓம் வழியாக நெகட்டிவ்விலும் இணைத்து, அந்த ரெசிஸ்டரில் வோல்டேஜ் பாருங்கள். அசல் ஜெர்மானியமானால் கொஞ்சம் லீக் (தானாகக் கசியும் கரண்ட்) காட்டும், விரலால் பிடித்துச் சூடேற்றினால் மீட்டர் ஏறிக்கொண்டே போகும். சிலிக்கானில் பூஜ்யம்தான்.