பள்ளிச் சேர்ந்திசை: பழக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் பல பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். பள்ளிக் கலைவிழாவான கலோத்சவம் நெருங்கினால் சங்ககானத்துக்கும் (குழுப்பாட்டு) தேசபக்திகானத்துக்கும் குழு சேர்ப்பார்கள். குரல் நல்ல பிள்ளைகள் கிடைத்தும் பாட்டு சேராமல் போவது பெரும்பாலும் பழக்கும் விதத்தால்தான்.

முதல் தவறு, சுருதியைத் தன் குரலுக்கு வைத்துக்கொள்வது. சார் ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடிப் பழகியிருப்பார், டீச்சர் ஐந்தரையில். பிள்ளைகளுக்கு எது சரி என்பது பாட்டைப் பொறுத்தது. அதில் வரும் மிகக் கீழ் சுரத்தையும் மிக மேல் சுரத்தையும் பாருங்கள். கீபோர்டின் நடு ‘ஸி’யிலிருந்து அடுத்த ஸ்தாயியின் (ஏழு சுர அடுக்கின்) ‘டி’ வரை சின்னப் பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சிரமமில்லாமல் வரும். பாட்டு அதற்குள் அடங்கும்படி ஏற்றி இறக்குங்கள். கரோக்கி டிராக்கை அப்படியே போட்டுப் பழக்குவதும் இதே தவறுதான். அது வேறொரு பெரியவரின் குரலுக்கு அமைந்த சுருதி.

அடுத்தது, “சத்தமாப் பாடு” என்பது. கத்த ஆரம்பித்தால் பக்கத்துப் பிள்ளையின் குரல் காதில் விழாது, சுருதி விலகும், தொண்டையும் கட்டும். பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்கிற அளவுக்கு மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். எல்லார் குரலும் ஒன்றான பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

“நீ வாயை மட்டும் அசை” என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. அந்தப் பிள்ளை பெரியவனாகியும் ‘எனக்குப் பாட வராது’ என்றே சொல்லிக்கொண்டிருப்பான். சுருதி சேராத பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காதில் குறை கிடையாது. குரலை எப்படி மேலே கொண்டுபோவது என்று பிடிபடவில்லை, அவ்வளவுதான். அவன் எந்தச் சுரத்தில் நிற்கிறானோ அங்கே நீங்கள் போய்ச் சேருங்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி குரலை இழுத்து மேலே கூட்டிப் போங்கள். குழுவில் நிற்கும்போது சுருதி பிசகாத இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்துங்கள். இன்னொன்று, ஆண் ஆசிரியர் ஒரு ஸ்தாயி கீழே பாடிக் காட்டினால் சின்னப் பிள்ளைகள் குழம்பலாம். நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையைப் பாடிக் காட்டச் சொல்லுங்கள்.

ஏழு, எட்டாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடையும் காலம் அது. போன மாதம் எட்டிய சுரம் இந்த மாதம் எட்டாது. திட்டுவதோ குழுவிலிருந்து எடுப்பதோ வேண்டாம். வரிகளை ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். அதுவும் வராவிட்டால் ஸ, ப மட்டும் பிடித்து நிற்கட்டும்.

எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மலையாளப் பாட்டைத் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். வலிமையைச் சொல்லும் பலமும் கனியைச் சொல்லும் பலமும் நோட்டில் ஒன்றுபோலவே இருக்கும். மலையாளத்தில் இரண்டுக்கும் முதல் ஒலி வேறு. ஏழு பேர் ஏழு விதமாகச் சொன்னால் சுருதி சேர்ந்தாலும் பாட்டு கலங்கலாகவே கேட்கும். கீர்த்தனைப் புத்தகங்களில் எந்த ஒலி என்று காட்ட க, ச, ட, த, ப மேல் 2, 3, 4 என்று சிற்றெண் போட்டிருப்பார்களே, அதையே நோட்டில் போட வையுங்கள். கனிக்கு 2, வலிமைக்கு 3. அப்புறம் மெட்டில்லாமல் வரிகளைத் தாளத்தில் சொல்ல வையுங்கள். மலையாளப் பிள்ளைகள் உச்சரிப்பைத் திருத்தட்டும். தமிழ்ப் பாட்டு வந்தால் இவர்கள் அவர்களுக்குத் திருத்துவார்கள்.

மூச்சு எடுக்கும் இடங்களையும் நோட்டிலேயே குறித்துவிடுங்கள். தொடங்கும்போது “ஒன், டூ, த்ரீ” வேண்டியதில்லை. கையை உயர்த்தி நீங்கள் மூச்சை இழுத்தால் அவர்களும் இழுப்பார்கள், தொடக்கம் ஒன்றாக விழும். பயிற்சி முழுக்க நீங்களும் கூடப் பாடிக்கொண்டிருந்தால் மேடையில் உங்கள் குரல் இல்லாதபோது அவர்கள் தடுமாறுவார்கள். பாதிப் பயிற்சிக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு அறையின் கடைசியில் போய் நின்று கேளுங்கள். எந்த வரியில் வேகம் ஓடுகிறது, யார் குரல் துருத்துகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும்.