மண்டிக்காரரிடம் சொல்லிவிட்டே போன் பேச்சைப் பதிவு செய்வது எப்படி?

போன வருடம் பூம்பாறையிலிருந்து பன்னிரண்டு மூட்டை மலைப்பூண்டை வடுகபட்டிக்கு இறக்கினேன். முந்தின நாள் ராத்திரி போனில் கிலோ 180 என்று பேசிய கமிஷன் மண்டிக்காரர், மறுநாள் சிட்டையில் 140 என்று எழுதினார். "180 சொன்னீங்களே அண்ணே" என்றேன். "காய்ஞ்ச சரக்குக்குச் சொன்னேன் தம்பி, இது ஈரம்" என்றார். அவர் அப்படிச் சொன்னாரா, நான்தான் காதில் வாங்கவில்லையா, நிரூபிக்க ஒன்றும் இல்லை. மலையேறி வீடு வந்ததும் முதல் வேலையாகப் போனில் ரெக்கார்டிங் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். அதில் பட்ட பாடுதான் இந்தப் பதிவு.

படி 1: பிளே ஸ்டோர் பக்கம் போகாதீர்கள்

கால் ரெக்கார்டர் என்று தேடினால் வரிசையாக வரும். எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து வெளிச் செயலிகளால் அழைப்பின் ஒலியை நேராக எடுக்க முடிவதில்லை. 'ஆக்சஸிபிலிட்டி' (பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கு உதவும் வசதி) அனுமதியை வைத்துச் சுற்றுவழியில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2022 மே மாதம் கூகுள் அதற்கும் தடை போட்டது. ட்ரூகாலரே அப்போது ரெக்கார்டிங்கை எடுத்துவிட்டது. இன்றைக்கும் அந்த அனுமதியைக் கேட்கிற செயலிக்கு உங்கள் திரை முழுவதையும் படிக்க வழி கிடைக்கும், வங்கி ஓடிபி உட்பட. போனோடு வந்த டயலர், அதாவது எண் அழுத்திப் பேசும் செயலியே போதும்.

படி 2: உங்கள் டயலர் எது?

சாம்சங் என்றால் போன் செயலியில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'ரெக்கார்ட் கால்ஸ்'. ஃபைல்கள் 'ரெக்கார்டிங்ஸ்' ஃபோல்டருக்குள் 'கால்' என்பதில் சேரும். மறுமுனையில் இருப்பவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கூகுள் டயலர் என்றால் செட்டிங்ஸில் 'கால் ரெக்கார்டிங்' இருக்கும். சில போன்களில் 'கால் அசிஸ்ட்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். பதிவு தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு குரல் இரண்டு பக்கமும் அறிவிக்கும்.

ஐபோனில் 2024 அக்டோபரில் வந்த ஐஓஎஸ் 18.1 முதல் இந்த வசதி உண்டு. அங்கேயும் அறிவிப்பு உண்டு. பதிவு 'நோட்ஸ்' செயலிக்குள் போய் உட்காரும்.

வாட்ஸ்அப் அழைப்பு இந்த டயலர் எதிலும் பதிவாகாது. விலை பேசும்போது சாதாரண அழைப்பிலேயே பேசுங்கள்.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம்

எல்லாம் சரி செய்து, அடுத்த லோடுக்கு மண்டிக்காரரோடு ஆறு நிமிடம் பேசினேன். பிறகு ஃபோல்டரைத் திறந்தால் காலி. போனை அணைத்துப் போட்டேன், அப்டேட் செய்தேன், கொடைக்கானல் டவுனில் ஒரு கடையில் கொடுத்தும் பார்த்தேன். கடைக்காரர் அங்கிருந்தே என் போனில் பேசிப் பார்த்தார், அழகாகப் பதிவானது. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் காலி.

இரண்டு நாள் கழித்துத்தான் திரையின் மேல் மூலையில் இருந்த குட்டி வைஃபை அடையாளம் கண்ணில் பட்டது. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. வைஃபை போட்ட பிறகு அழைப்பெல்லாம் 'வைஃபை காலிங்' வழியாக, அதாவது டவருக்குப் பதில் வீட்டு இணையம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. என் சாம்சங், வைஃபை காலிங்கில் பேசினால் பதிவு செய்யாது. டவுன் கடையில் டவர் சிக்னல் இருந்ததால் வேலை செய்தது. மலைமேல் பாதிப்பேர் வீட்டில் இதே கதைதான் இருக்கும்.

செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், வைஃபை காலிங், ஆஃப். ஆஃப் செய்தால் வீட்டுக்குள் போனே எடுக்காதே என்கிறீர்களா? எடுக்காதுதான். எனக்குக் கொல்லையில் பேரிக்காய் மரத்தடியில் இரண்டு கோடு சிக்னல் வரும். விலை பேசுவதென்றால் சால்வையைப் போர்த்திக்கொண்டு அங்கே போய்விடுகிறேன்.

படி 4: 'ஆல் கால்ஸ்' வேண்டாம்

தானாகப் பதிவு செய்ய மூன்று தேர்வு இருக்கும்: எல்லா அழைப்பும், சேமிக்காத எண்கள், குறிப்பிட்ட எண்கள். நான் முதலாவதை வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு ஜீப்பில் போகிறோம், எட்டுப் பேர். அண்ணன் மகன் என் போனை ஜீப் ஸ்பீக்கரில் இணைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு பாட்டு முடிந்தது. மூன்றாவதாகத் திண்டுக்கல் சித்தியின் குரல்: "யார்கிட்டயும் சொல்லிறாதப்பா, நகையெல்லாம் அடகுலதான் இருக்கு..." பாட்டும் பதிவும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்திருக்கின்றன. அவன் பதறி நிறுத்துவதற்குள் சித்தியின் சம்பந்தி வீட்டு உறவுக்காரர் ஒருவர் பின்சீட்டில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அன்று ராத்திரியே சித்திக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். "என் பேச்சை எதுக்குப்பா பிடிச்சு வச்ச?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் எடுத்தவுடன் "போட்டிருக்கியா?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்.

ஆகவே 'குறிப்பிட்ட எண்கள்' மட்டும். என் பட்டியலில் மண்டியும் லாரிக்காரரும்தான்.

படி 5: கேட்டுவிட்டுப் போடுங்கள்

சாம்சங்காரர்களுக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் உங்கள் போன் உங்களுக்காகச் சொல்லாது. நான் சொல்வது இவ்வளவுதான்: "அண்ணே, விலையெல்லாம் மறந்துருது, பேசுறத ரெக்கார்டு போட்டுக்கிறேன், பரவாயில்லையா?" முதல் தடவை அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்தார். "போட்டுக்க தம்பி. அப்ப நல்லாக் கேட்டுக்க. காய்ஞ்சது 180. ஈரம் இருந்தா இறக்கிப் பார்த்துத்தான் விலை."

பழைய சண்டையில் என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. பதிவாகிறது என்று தெரிந்ததும் மனிதர் நிபந்தனையை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். ஒளித்து எடுத்திருந்தால் அந்த வரி வந்திருக்காது.

வேண்டாம் என்று சொன்னால் போடாதீர்கள். பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "காய்ந்தது கிலோ 180, வியாழன் வண்டி, சரிதானே அண்ணே?" அவர் "சரி" என்று போட்டால் போதும். பல நேரம் ஆறு நிமிட ஆடியோவைவிட இதுவே உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வக்கீல் இல்லை, படித்ததைச் சொல்கிறேன். நீங்கள் கலந்துகொள்ளாத இரண்டு பேரின் பேச்சை இடைமறித்துக் கேட்பது குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் சொந்த உரையாடலைப் பதிவு செய்வது வேறு விஷயம். பேசுகிறவர்களில் ஒருவரின் சம்மதத்தோடு எடுத்த பதிவை உச்ச நீதிமன்றம் 1972-இல் மல்கானி வழக்கில் சாட்சியமாக ஏற்றது. 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்த பிறகு கேள்விகள் கூடின. 2023-இல் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம், மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த பதிவு அந்தரங்க மீறல் என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு விவாகரத்து வழக்கில் அப்படிப்பட்ட பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. கோர்ட் ஏற்கும் என்பதும், சித்தியிடம் கேட்காமல் எடுக்கலாம் என்பதும் ஒன்றல்ல.

பின்சேர்க்கை 1: கூகுள் டயலரில் அந்த அறிவிப்புக் குரலை நிறுத்துவது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எழுதப்போவதில்லை. சங்கடமாக இருந்தால் "இப்ப ஒரு குரல் வரும், பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: கோத்தகிரியிலிருந்து ஒருவர், தேவையான இருபது விநாடியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு முழுப் பதிவை அழித்துவிட்டாராம். வெட்டாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட ஃபைலுக்குச் சான்றிதழும் 'ஹேஷ்' மதிப்பும் (ஃபைலின் கைரேகை போன்ற ஒரு குறியீடு) கேட்கிறது. ஒரு விநாடி வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். அசல் ஃபைல் அதே போனில் இருக்கட்டும், நகலை மட்டும் வெட்டுங்கள்.

பின்சேர்க்கை 3: வைஃபை காலிங்கை ஆஃப் செய்தும் பதிவாகவில்லை என்பவர்கள், இரண்டு சிம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனி பொத்தான் இருக்கிறது. நானும் முதலில் சிம் 1-ஐ மட்டும் அணைத்துவிட்டு, சிம் 2-இல் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தேன்.