ஆரில் நின்றுபோன டி-சோதனையை ஓடவைத்தது

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளை 4.4 பதிப்புக்கு மாற்றியதும், நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்த என் டி-சோதனை நிரல் பாதியில் நின்றது. இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயலானதா என்று பார்ப்பதுதான் டி-சோதனை. சூத்திர வடிவில் (‘மதிப்பு ~ குழு’ என்று எழுதுவது) ‘பேர்டு’ (paired, ஒரே ஆளின் இரு அளவீடுகளை இணையாகக் கொள்வது) என்ற விருப்பத்தைச் சேர்க்கக் கூடாது என்று பிழைச்செய்தி. அந்த ஒரு சொல்லை அழித்தால் நிரல் ஓடிவிடும். ஆனால் விடை வேறாகிவிடும்.

ஆருடனேயே வரும் ‘ஸ்லீப்’ தரவில் இதைப் பார்க்கலாம். 10 பேர், இரண்டு தூக்க மருந்துகள், கூடுதலாகத் தூங்கிய மணிநேரம். ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலைபார்த்த வில்லியம் காசெட் (Gosset) 1908இல் கையாண்ட எண்கள்தாம். (புள்ளியியல் பீர் ஆலைக்குப் பட்ட கடன் பெரிது!) சராசரிகள் 0.75, 2.33. தனித்தனிக் குழுக்களாகக் கொண்டால், வெல்ச் முறையில் (இரு குழுக்களின் பரவலும் சமம் என்று கொள்ளாத டி-சோதனை) பி-மதிப்பு, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லாதபோது இவ்வளவோ இதைவிடவோ பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.079. இரு மருந்தையும் உண்டவர் ஒரே ஆள் என்று இணைத்தால் 0.0028. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கழிந்துபோவதே காரணம்.

சூத்திரத்தை விட்டுவிட்டு, இரு மருந்தின் எண்களையும் இரண்டு தொடர்களாகப் பிரித்து நேரடியாகக் கொடுத்தேன். ‘பேர்டு’ அங்கே செல்லும். பிரிக்கும் முன் ஆள் எண்படி வரிசைப்படுத்துவது கட்டாயம், ஏனெனில் யாருக்கு யார் இணை என்பதை மென்பொருள் வரிசையை வைத்தே கொள்கிறது. பழைய சூத்திர வடிவமும் சத்தமில்லாமல் அதைத்தான் நம்பியிருந்தது. தடை போட்டது நியாயமே.

சரிபார்க்க, ஒவ்வொருவரின் வேறுபாட்டையும் கணக்கிட்டு, அதன் சராசரி பூஜ்ஜியமா என்று ஒற்றைக்குழு டி-சோதனை செய்யுங்கள். அதே 0.0028 வர வேண்டும்.