எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் வாங்கும் முன்: ஒளிந்திருக்கும் துருவையும் கசிவையும் கண்டுபிடிப்பது எப்படி?

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் எம்.ஜி.பி. இதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் ‘சில்’ என்ற தகடுப் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. ரோட்ஸ்டரில் மேலே கூரையும் இல்லாததால் முழு பாரமும் அதன் மேல்தான். எஞ்சினுக்கு உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும். சில் அரித்துப் போயிருந்தால் வண்டியைப் பிரித்து மாதக்கணக்கில் வெல்டிங் பார்க்க வேண்டும். அதனால் பெயின்ட் பளபளப்பைக் கடைசியாகப் பாருங்கள்.

பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்.ஓ.டி. என்ற வருடாந்திர சாலைத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. நீங்கள் பார்க்கப் போகும் வண்டியின் அடிப்பக்கத்தை யாரும் வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கையில் வேண்டியவை: நல்ல டார்ச், மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம், மொட்டை முனை ஸ்க்ரூடிரைவர், ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, பெரிய அட்டை ஒன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

படி 1: கதவு இடைவெளி

வண்டி சமதரையில் நிற்கட்டும். கதவின் பின் விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் பாருங்கள். மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து ஜாக்கிப் புள்ளியில் மெதுவாகத் தூக்குங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, கதவு திறந்து மூட முரண்டு பிடித்தாலோ சில் பலமிழந்துவிட்டது. தகடு நொறுங்கும் சத்தம் கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் சோதிக்கத் தேவையில்லை.

படி 2: சில்லும் அதன் முனைகளும்

சில் ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. வெளித்தகட்டின் இரு முனைகளும் மட்கார்டுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். முறையாக மாற்ற வேண்டுமென்றால் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டியாக வேண்டும். அந்த வேலைக்கு அஞ்சுகிறவர்கள் பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, அண்டர் கோட்டிங் (அடிப்பக்கத் துருத் தடுப்புப் பூச்சு) அடித்துவிடுவார்கள். வெளியே புத்தம் புதிதாகத் தெரியும். உள்ளே பொடியாக இருக்கும். கதவைத் திறந்து, கார்ப்பெட்டைத் தூக்கி, உள்தகட்டையும் பாருங்கள். பழைய வண்டியில் அண்டர் கோட்டிங் மட்டும் புதிதாக இருந்தால் சந்தேகப்படுவதே நல்லது.

துரு தொடங்கும் இடம் பெரும்பாலும் முன் சக்கரத்துக்குப் பின்னால்தான். அங்குள்ள மறைப்புத் தகட்டின் ரப்பர் கிழிந்தால் சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்குள் போய்ச் சேரும். அது காயவே காயாது. உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்து, வெளியே பெயின்டில் சிறு கொப்புளமாகத் தலைகாட்டும். விரல் நகம் அளவு கொப்புளம் என்றால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும் என்றே கணக்கு வையுங்கள்.

காந்தத்தைச் சில், மட்கார்டு அடிப்பகுதி எல்லாவற்றிலும் நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி தடிமனாகப் பூசியிருக்கிறார்கள். 1960-களின் வண்டிகளில் போனட் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாததைப் பட்டி என்று நினைத்துவிட வேண்டாம்.

படி 3: இருக்கைக்குப் பின்னால்

அங்குள்ள மூடியைத் திறந்தால் பேட்டரிப் பெட்டிகள் தெரியும். 1974 வரை 6 வோல்ட் பேட்டரி இரண்டு, அதன் பிறகு 12 வோல்ட் ஒன்று. அமிலம் சிந்திப் பெட்டியின் அடியே காணாமல் போயிருக்கும் வண்டிகள் ஏராளம். அப்படியே கீழே போய், பின் ஸ்பிரிங் பாடியில் மாட்டும் இடங்களை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘டண்’ என்னும். அரித்தது ‘தப்’ என்னும். சத்தம் சரியில்லாத இடத்தில் முனையால் அழுத்திப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள்.

படி 4: ஈரமான கார்ப்பெட்

கால் வைக்கும் இடம் ஈரமாக இருந்தால் தொட்டு முகருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது. வெறும் தண்ணீர் என்றால், கண்ணாடிக்கு முன்னுள்ள காற்றுத் துவாரத்தின் வடிகுழாய் இலைச்சருகால் அடைத்திருக்கக்கூடும். குழாயைச் சுத்தம் செய்வது பத்து நிமிட வேலை. கவனிக்காமல் விட்டால் தரைத்தகடே போய்விடும்.

படி 5: ஓட்டிவிட்டு, அட்டையை விரியுங்கள்

இருபது நிமிடம் ஓட்டி, சூடாக நிறுத்தி, அடியில் அட்டையை விரித்து அரை மணி நேரம் விடுங்கள். இந்தக் காரில் கியர்பாக்ஸுக்கும் எஞ்சின் ஆயில்தான், அதுவும் அதே 20டபிள்யூ-50. அதனால் சொட்டு ஒரே மாதிரி இருக்கும். கருத்திருந்தால் எஞ்சின், தெளிவாக இருந்தால் கியர்பாக்ஸ் என்று ஓரளவு பிரிக்கலாம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள உறையான பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளையும் அதில் ஊசி போன்ற ஒரு பின்னும் இருக்கும். சொட்டு அங்கிருந்து வந்தால் கிராங்கின் (எஞ்சினின் சுழல்தண்டு) பின்பக்கமோ கியர்பாக்ஸின் முன்பக்கமோ கசிகிறது.

1964 அக்டோபருக்கு முந்தைய மூன்று பேரிங் எஞ்சினில் கிராங்கின் பின்னால் ரப்பர் சீலே கிடையாது. சுழலும்போது ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகுப் பள்ளம் மட்டும்தான். நிறுத்தியதும் இரண்டு மூன்று சொட்டு விழுவது அதன் இயல்பு. பிந்தைய ஐந்து பேரிங் எஞ்சினில் நிறைய வழிந்தால், எஞ்சினை இறக்குவதற்கு முன், உள் அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியேறும். பின் ஆக்ஸிலிலும் இதே கதை. அதன் பிரீதர் அடைத்தால் ஆயில் சக்கரப் பக்கம் போய் பிரேக் ஷூவை நனைக்கும். டிரம்மின் உள்பக்கம் கருப்பாக வழிந்த தடம் இருக்கிறதா பாருங்கள்.

முன் ஷாக் அப்சார்பர்கள் நெம்புகோல் வகை. சஸ்பென்ஷனின் மேல் கையும் அவையேதான். அவற்றின் தண்டைச் சுற்றி ஆயில் ஈரம் இருந்தால் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

படி 6: பெட்ரோல் டேங்க்

டேங்கின் மேல்பக்கத்துக்கும் டிக்கித் தகட்டுக்கும் நடுவே தண்ணீர் தங்கி, டேங்க் மேலிருந்து அரிக்கும். பாதி டேங்கில் இது தெரியாது. விற்பவர் சம்மதித்தால் முழுக்க நிரப்பி, வெட்டவெளியில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். டிக்கியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தாலோ டேங்கின் விளிம்பு நனைந்திருந்தாலோ ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றவும் வேண்டாம்; அதில் எழும் ஒரு பொறி போதும். முதலில் தள்ளி நில்லுங்கள்; வாடை கலையட்டும்.