அஸ்வெசும புள்ளி எப்படி வந்தது? எழுத்தில் கேட்டு வாங்கும் முறை

அஸ்வெசும என்பது இலங்கை அரசின் நலன்புரி உதவித் திட்டம். அது ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் வரும் "கொம்பியூட்டர் தெரிவு செய்யேல்ல" என்ற பதிலோடு வீடு திரும்ப வேண்டாம். கணினி தானாக எதையும் முடிவெடுப்பதில்லை. அஸ்வெசுமவில் குடும்பங்களுக்குப் புள்ளியிட்டு வரிசைப்படுத்தும் 22 குறிகாட்டிகளையும் (அளவுகோல்களையும்) அரசாங்கம் வர்த்தமானியில் விதித்தது. அந்த அதிகாரம் 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்திலிருந்து வருகிறது. உங்கள் வீட்டைப் பற்றிக் கணினியில் என்ன பதிந்தார்கள் என்பதே நீங்கள் அறிய வேண்டியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கணினிப் பதிவுகளையும் தகவல் என்றே சொல்கிறது.

திருகோணமலை நகரத்தவர் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்கும், மூதூர், கிண்ணியா, குச்சவெளிக்காரர் தத்தம் செயலகத்துக்கும் "தகவல் அலுவலர்" என்று விலாசமிட்டு எழுதுங்கள். வெள்ளைத்தாளே போதும், தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

பலர் தவறுவது கேள்வியில்தான். "எனக்கு ஏன் தரவில்லை?" என்றால் ஒருவரிப் பதிலோடு முடிந்துவிடும். ஆவணத்தைக் கேளுங்கள்: கணக்கெடுப்பில் என் குடும்பத்துக்கு நிரப்பிய படிவத்தின் பிரதி, ஒவ்வொரு குறிகாட்டிக்கும் பதிந்த விபரமும் புள்ளியும், அந்த முடிவுக்குப் பயன்பட்ட சுற்றறிக்கை. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் கிராம உத்தியோகத்தர் பிரிவையும் குறிப்பிடுங்கள். அயல்வீட்டாரின் புள்ளியைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுக்கலாம்.

படிவம் கைக்கு வந்ததும் மின் பாவனையை முதலில் பாருங்கள். ஒரே மீற்றரில் இரண்டு குடும்பம் இருந்தால் முழு அலகும் ஒருவர் தலையில் விழுந்திருக்கக்கூடும்.

பதிவுத் தபாலில் அனுப்பி பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் திகதியிட்ட ஏற்புக் கடிதம் இல்லாமல் வெளியே வராதீர்கள். பிறகு நாள் எண்ண அதுதான் சாட்சி. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அறிவிக்க வேண்டும். மறுத்தாலும் பேசாமல் இருந்தாலும் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு 3 வாரம் உண்டு. அதுவும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

இந்த விண்ணப்பம் அஸ்வெசும மேன்முறையீட்டுக்கு மாற்றல்ல. அதன் முடிவுத் திகதி தனியே ஓடுகிறது. தகவல் வரும்வரை காத்திராமல் அதையும் இன்றே கொடுத்துவிடுங்கள்.