ஆலைக் கழிவுநீர் வாய்க்காலில் கலக்கிறதா? அரசுப் பதிவேடுகளைத் தேடிப் படிக்கும் வழி

வாய்க்கால் தண்ணீர் கறுத்து வருகிறது. மில்லில் போய்க் கேட்டால் "எல்லாம் பர்மிஷன் வாங்கித்தான் நடத்துறோம்" என்கிறார்கள். காவிரி டெல்டாவில் எந்த மாவட்டத்துக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒரு மனுவாவது கையில் இருக்கும். அதில் "கடும் துர்நாற்றம் வீசுகிறது, உடனடி நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதியிருப்பார்கள். "ஆய்வு செய்யப்படும்" என்று பதில் வரும். அத்தோடு சரி.

அந்த "பர்மிஷன்" உண்மையில் சில பக்கக் காகிதம். ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர், அதை எங்கே விடலாம், எந்தத் தரத்தில் விடலாம் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு எழுதும் மனுவை ஓரங்கட்டுவது அவ்வளவு சுலபமில்லை. அந்தக் காகிதங்களை எப்படிப் பிடிப்பது, எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தப் பதிவு. உதாரணத்துக்கு, வெண்ணாற்றில் பிரியும் ஒரு பாசன வாய்க்கால் ஓரம் புழுங்கல் அரிசி ஆலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: எந்த அலுவலகம்?

பாதி மனுக்கள் தவறான மேசைக்குப் போய்த்தான் தொலைகின்றன. ஆலை, மருத்துவமனை, நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்றால் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். 1982-ல் தொடங்கியது, தலைமையகம் சென்னை கிண்டி. ஆனால் நமக்கு வேண்டியவர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். கோப்பு அவரிடம்தான் இருக்கும். நகராட்சியும் வாரியத்திடம் இசைவு வாங்கித்தான் கழிவுநீரை வெளியே விட முடியும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

வீதிக் குப்பை, ஆற்றங்கரையில் கொட்டிக் கொளுத்துவது என்றால் முதலில் உள்ளாட்சி அமைப்பு. வாய்க்கால் கரையை வெட்டிக் குழாய் பதித்திருந்தால் அது நீர்வளத் துறையின் விஷயமும்கூட. அங்கே உதவிப் பொறியாளருக்குத் தனி மனு போடுங்கள். கழிவின் தரத்தை நிரூபிக்க ஆய்வகம் வேண்டும், வெட்டிய கரையை நிரூபிக்க ஒரு புகைப்படம் போதும்.

நாகப்பட்டினம் கரையோரத்து இறால் பண்ணைகளுக்குக் கதை வேறு. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்தத் தொழிலைக் கண்காணிக்கத் தனி ஆணையமே வந்தது. இப்போது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பண்ணையைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

படி 2: ஆலையின் சரியான பெயரும் சர்வே எண்ணும்

ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் ஒன்று, போர்டில் இருப்பது ஒன்று, வாரியக் கோப்பில் இருப்பது இன்னொன்று. கிராமத்தின் பெயரோடு சர்வே எண் கையில் இருந்தால் குழப்பமே இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரிந்துவிடும். கூடவே கழிவுநீர் வெளியே வரும் இடத்தை மொபைலில் இருப்பிடக் குறியீட்டோடு படம் எடுத்து வையுங்கள். மில்லின் வாசலைப் படம் எடுத்துப் பயனில்லை. குழாயின் வாய்தான் வேண்டும்.

படி 3: இசைவாணையைக் கையில் வாங்குவது

வாரியம் தரும் அனுமதிக்கு அரசுத் தமிழில் இசைவாணை என்று பெயர், பேச்சில் கன்சென்ட். கட்டுவதற்கு முன் ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் கீழும் தரப்படும். இரண்டு சட்டத்தின் கீழும் தந்ததைக் கேட்டு வாங்குங்கள். நமக்கு முக்கியம் இயக்குவதற்கானது.

வாங்க இரண்டு வழி உண்டு. முதலாவது அதிகம் பேருக்குத் தெரியாதது. நீர்ச் சட்டத்தின் 25(6)-ஆம் பிரிவு, வாரியம் விதித்த நிபந்தனைகளை ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும், கழிவுநீரால் பாதிக்கப்படும் எவரும் அலுவலக நேரத்தில் வந்து பார்க்கலாம் என்கிறது. காற்றுச் சட்டத்தில் இதற்கு 51-ஆம் பிரிவு. பிரிவு எண்ணைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "அப்படி எல்லாம் காட்ட முடியாது" என்று சொல்ல வாய்ப்புண்டு.

இரண்டாவது, தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. மனுவில் 10 ரூபாய்க்கான கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனு இப்படி இருந்தால் போதும்:

"…… கிராமம், சர்வே எண் ……-ல் இயங்கும் …… அரிசி ஆலை தொடர்பாகக் கீழ்க்காணும் ஆவணங்களின் நகல் வேண்டும். 1) நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் தற்போது நடப்பிலுள்ள இசைவாணைகள், இணைப்புகளுடன். 2) கடந்த மூன்று நிதியாண்டுகளுக்கு ஆலை தாக்கல் செய்த படிவம் 5 சுற்றுச்சூழல் அறிக்கைகள். 3) இதே காலத்தில் வாரிய அலுவலர்கள் மேற்கொண்ட கள ஆய்வுகளின் அறிக்கைகளும், எடுத்த மாதிரிகளின் ஆய்வக முடிவுகளும். 4) ஆலைக்கு அனுப்பப்பட்ட விளக்கம் கேட்கும் அறிவிப்புகள்."

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஏன்" என்பது தகவல் அல்ல என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

படி 4: படிப்பது (இங்கேதான் நிதானம் வேண்டும்)

இசைவாணை வந்ததும் பலர் மிரண்டுவிடுகிறார்கள். ஆங்கிலம், அட்டவணை, அடுக்கடுக்கான நிபந்தனை. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஐந்து இடம் போதும்.

முதலில் முடிவுத் தேதி. அது கடந்திருந்து, புதுப்பிக்க விண்ணப்பமும் போடாமல் இருந்தால் மீதியைப் படிக்காமலேயே மனு எழுதலாம்.

அடுத்து வகை. ஆலைகளை மாசின் அளவை வைத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். 2016-ல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் புள்ளிக் கணக்குப் போட்டு இப்படி வகுத்தது, 2025-ல் நீலம் என்ற வகையையும் சேர்த்தது. சிவப்பு என்றால் அதிக மாசு.

மூன்றாவது, உற்பத்தி அளவு. நாளைக்கு இத்தனை டன் நெல் என்று இருக்கும். அறுவடை முடிந்த மாதங்களில் வாசலில் நிற்கும் லாரிகளே அந்த எண்ணைப் பொய்யாக்கிவிடுவது உண்டு.

நான்காவது, கழிவுநீரின் அளவு. நாளைக்கு இத்தனை கிலோ லிட்டர் என்று போட்டிருக்கும். ஒரு கிலோ லிட்டர் என்றால் 1000 லிட்டர். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைக்க ஏறத்தாழ நெல்லின் எடை அளவுக்காவது தண்ணீர் வேண்டும். 40 டன் நெல் ஊறவைக்கும் ஆலை, கழிவுநீர் 5 கிலோ லிட்டர் என்று காட்டியிருந்தால் மீதி எங்கே போகிறது என்று கேட்கலாம். ஊறல் தண்ணீரை மறுபடி பயன்படுத்துகிறோம் என்று பதில் வரலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை எழுத்தில் வாங்குவதே ஒரு முன்னேற்றம்.

ஐந்தாவதுதான் உயிர்நாடி: கழிவுநீரை எங்கே விடுவது. பல ஆலைகளில் "சொந்த நிலத்தில் பாசனத்துக்கு" என்று இருக்கும். இதற்கு ஒரு காரணம் உண்டு. பொதுவான தர அளவுகளின்படி ஆறு, வாய்க்கால் போன்ற நீர்நிலையில் விடுவதானால் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி., லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நிலத்தில் பாசனத்துக்கு விடுவதானால் 100 வரை போகலாம். தண்ணீரில் உள்ள அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதன் அளவுதான் பி.ஓ.டி. அது ஏற ஏற மீன் செத்து மிதக்கும். ஆகவே "நிலத்தில் விடுகிறேன்" என்று இசைவு வாங்கிய ஆலையின் குழாய் வாய்க்காலில் இறங்கினால், தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அது மீறல். ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, படி 2-ல் எடுத்த புகைப்படமே பேசும்.

காற்றுப் பகுதியில் கொதிகலன் புகைபோக்கியின் உயரமும் தூசு பிடிக்கும் கருவியும் குறிப்பிட்டிருக்கும். மாடியில் காயப்போட்ட வேட்டியில் உமிக்கரி படிகிறது என்றால் அந்தப் பகுதியையும் பாருங்கள்.

படி 5: ஆலை தானே எழுதிக்கொடுத்த கணக்கு

படிவம் 5 என்பது ஆலை ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள், மார்ச் 31-ல் முடிந்த நிதியாண்டுக்காகத் தாக்கல் செய்யும் அறிக்கை. எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எவ்வளவு மாசு வெளியேறியது, திடக்கழிவு எவ்வளவு என்று அவர்களே எழுதியது. சுயமாக எழுதிய கணக்கை யார் நம்புவது என்று நினைப்பீர்கள். நம்புவதற்காக அதைக் கேட்கவில்லை. இசைவாணையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடத்தான். மூன்று ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் ஒரு புள்ளி மாறாமல் ஒரே எண் இருந்தால், யாரும் எதையும் அளக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

சர்க்கரை ஆலை, சாராய வடிப்பாலை மாதிரி 17 வகைப் பெரிய தொழில்களுக்கு இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. 2014 பிப்ரவரியில் மத்திய வாரியம் போட்ட உத்தரவின்படி, குழாயிலும் புகைபோக்கியிலும் பொருத்திய கருவி இடைவிடாமல் அளந்து வாரியத்துக்கு இணையவழியில் அனுப்ப வேண்டும். அரிசி ஆலை அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ஊரில் இருப்பது சர்க்கரை ஆலை என்றால், தகவல் மனுவில் இந்தத் தரவையும், கருவி வேலை செய்யாத நாட்களின் விவரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கருவி அடிக்கடி "பழுது" ஆகும் மாதங்களைக் கவனிப்பது சுவாரசியமான வேலை.

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம் பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் கிடைக்கும். அனுமதி பெற்றவர்கள் ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை, நிபந்தனைகளைக் கடைப்பிடித்தது பற்றிய இணக்க அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம் என்று 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே சொல்கிறது. 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் தோல் பதனிடும் ஆலையையும் தடுக்கிறது. அதற்கு முன்பே இயங்கிவந்த கிணறுகளுக்குப் பழைய அனுமதியின் நிபந்தனைகளே அளவுகோல்.

படி 6: லாரியில் போகும் கழிவு

ஜெனரேட்டரில் மாற்றிய பழைய எண்ணெய்கூட அபாயகரமான கழிவுதான். அது வளாகத்தை விட்டுப் போகும்போது ஏழு நகல் கொண்ட ஒரு சீட்டு கூடவே போக வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஒவ்வொரு நகலும் ஒரு நிறம். அனுப்பியவர் வாரியத்துக்குத் தருவது வெள்ளை, தன்னிடம் வைத்துக்கொள்வது மஞ்சள். பெற்றுக்கொண்டவர் வாரியத்துக்கு அனுப்புவது பச்சை. வெள்ளை இருந்து பச்சை இல்லை என்றால் சரக்கு நடுவழியில் எங்கோ இறங்கியிருக்கலாம். மருத்துவக் கழிவுப் பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். ஆற்றங்கரையில் ஊசி, குளுக்கோஸ் குழாயோடு பை கிடந்தால் தொடாதீர்கள். பார்கோடு தெரிகிற மாதிரி படம் எடுங்கள், எந்த மருத்துவமனை என்று அதிலிருந்தே கண்டுபிடிக்க முடியும்.

படி 7: ஆற்றுத் தண்ணீரின் எண்கள்

மத்திய வாரியத்தின் நீர்த்தரக் கண்காணிப்பு அட்டவணைகள் இணையத்தில் இருக்கின்றன. 2018-ல் நாடு முழுக்க மாசடைந்ததாக அடையாளம் கண்ட 351 ஆற்றுப் பகுதிகளில் மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரியும் ஒன்று. குளிக்கத் தகுந்த தண்ணீரில் பி.ஓ.டி. 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-ல் மூடுவதுதான் வழக்கம். தண்ணீர் ஓடும் ஆகஸ்டில் எண்கள் அழகாகத்தான் இருக்கும். மார்ச், ஏப்ரல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

படி 8: மனுவும் மாதிரி எடுக்கும் நாளும்

இப்போது மனு ஒரு பக்கத்தில் முடியும். இசைவாணை எண், தேதி, எந்த நிபந்தனை, நீங்கள் பார்த்தது என்ன, எந்த நாள் எத்தனை மணிக்கு, புகைப்படம். கடைசியில் "வாய்க்காலில் குழாய் இறங்கும் இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும்" என்று ஒரு வரி. வாரியத்தின் இணையவழிப் புகார்ப் பக்கத்தில் பதிவேற்றுங்கள். அப்புறம் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்திலோ, மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ அதே மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம்.

நீங்களே பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தால் வழக்குக்கு அது நிற்காது. நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி வாரிய அலுவலர் ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே அலுவலர் வரும் நாளில் நீங்களும் போய் நில்லுங்கள். மாதிரியை எங்கே எடுத்தார்கள், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். சுத்திகரிப்புத் தொட்டியிலிருந்து மட்டும் எடுத்துவிட்டுக் கிளம்பினால், அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து அந்த ஆய்வக முடிவைத் தகவல் மனுவில் கேளுங்கள். எதுவும் நகராவிட்டால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அங்கே பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். தகவல் மனுவுக்கும் மேல்முறையீட்டுக்குமே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும் என்பதால், முதல் புகைப்படம் எடுத்த நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.