பால் தேடினால் போலீஸ் வருகிறதா? எஸ்கியூலைட்டில் தமிழ்த் தேடலைச் சரிசெய்யும் வழி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் கோயில் கமிட்டி நோட்டுகளைத் தட்டச்சு செய்து, அதற்கு ஒரு தேடல் பெட்டியும் போட்டுக் கொடுத்தேன். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்ட பிறகு மிஞ்சியது அந்த நோட்டுகள்தான். முதல் நாளே பழைய கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஒருவர் வந்து உட்கார்ந்து ‘பால்’ என்று தேடினார். ரப்பர்ப் பால் வெட்டியவர்கள் திருவிழாவுக்குக் கொடுத்த வரிப்பணப் பக்கம் அவருக்கு வேண்டும். வந்ததோ தீமிதிக்குப் போலீஸ் அனுமதி கேட்ட கடிதம், புல் வெட்டிய கூலி, உண்டியல் சாவி வைத்திருந்த கோபால்.

“என்ன தம்பி, கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியலையா?” என்றார்.

எஸ்கியூலைட் தரவுத்தளமும் பைத்தானும் உங்கள் கணினியில் ஓடுகின்றன, அட்டவணை போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற பெரிய தேடுபொறியைப் போடலாமே என்று கேட்பீர்கள். நல்ல சரக்குதான், ஆனால் நாலு நோட்டுக்கு ஜாவா சர்வர் ஓட்ட எனக்குப் பொறுமை இல்லை. எஸ்கியூலைட்டுக்குள்ளேயே இருக்கும் எஃப்டிஎஸ்5 என்ற தேடல் வசதி போதும். எல்லாம் ஒரே கோப்பு, தம்ப் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம்.

முதலில் கோளாறைக் கண்ணால் பாருங்கள். எஃப்டிஎஸ்5வொகாப் என்ற வகையில் ஒரு துணை அட்டவணை உருவாக்கி, அதில் ‘ரோ’ என்று கொடுத்தால், தேடுபொறி எதையெல்லாம் சொல் என்று எடுத்துக்கொண்டது என்பது வரிசையாக வரும். எனக்கு வந்தவை ‘ப’, ‘ல’, ‘டம’, ‘மரம’. எழுத்துருதான் பிரச்சினை என்று நினைத்து இரண்டு சாயங்காலத்தை வீணாக்கியிருந்தேன். இந்தப் பட்டியலைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

உரையைச் சொல் சொல்லாக வெட்டித் தருவது டோக்கனைசர். எஃப்டிஎஸ்5 வழக்கமாகப் பயன்படுத்தும் டோக்கனைசரின் பெயர் யூனிகோட்61. எழுத்தும் எண்ணும்தான் அதற்குச் சொல்லின் பகுதி. நம் காலும் கொம்பும் புள்ளியும் யூனிகோட்டில் ‘குறி’ என்ற வகையில் இருப்பதால், அவை வரும் இடத்திலெல்லாம் சொல்லை வெட்டிவிடுகிறது. ‘பால்’ என்பது ‘ப’, ‘ல’ என்று இரண்டு துண்டாகிறது. ‘புல்’லுக்கும் அதே இரண்டு துண்டுகள். ‘போலீஸ்’, ‘கோபால்’ இரண்டிலும் அவை அடுத்தடுத்து வருகின்றன. ‘தோட்டம்’ தேடினால் ‘திட்டம்’ வருவதும் இதனால்தான்.

சரி, திருத்தம். அட்டவணை உருவாக்கும்போது டோக்கனைஸ் என்ற இடத்தில் ‘யூனிகோட்61 கேட்டகரீஸ்’ என்று எழுதி, அதன் பின் எல்* (எழுத்து), என்* (எண்), சிஓ (தனிப்பயன் எழுத்து), எம்* (குறி) என நான்கையும் இடைவெளி விட்டுக் கொடுங்கள். காற்புள்ளி வேண்டாம். நான் விழுந்த குழி இங்கேதான். எம்* மட்டும் கொடுத்தால் போதும், பழையவற்றோடு சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன். சேராது. நீங்கள் கொடுப்பது பழைய பட்டியலை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். அப்போது குறிகள் மட்டும் சொல்லாகி, எழுத்தெல்லாம் காணாமல் போகும். இன்னொன்று, மொத்தத்துக்கும் வெளியே இரட்டை மேற்கோள், வகைப் பட்டியலுக்கு மட்டும் உள்ளே ஒற்றை மேற்கோள்.

ஏற்கெனவே இருக்கும் அட்டவணையில் இதை மாற்ற முடியாது. ‘ரீபில்ட்’ கொடுத்தாலும் பழைய டோக்கனைசரை வைத்தே மறுபடி கட்டும். டிராப் செய்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள், மூலப் பதிவுகளை வேறு அட்டவணையில் பத்திரமாக வைத்துக்கொண்டு.

அப்புறம் ‘கோயில்’. கோயில் நோட்டில் பாதி கோயிலைக் காணவில்லை! பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் ‘கோ’வின் கொம்பும் காலும் இரண்டு தனிக் குறிகளாக இருந்தன, நான் தட்டியதில் ஒரே குறி. திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தானின் யூனிகோட்டேட்டாவில் நார்மலைஸ் கட்டளையை ‘என்எஃப்சி’ என்று கொடுத்து ஓட்டினால் இரண்டும் ஒன்றாகும். உள்ளே சேர்க்கும்போதும் ஓட்டுங்கள், தேடும் சொல்லுக்கும் ஓட்டுங்கள். தட்டச்சுக்கு நான் முரசு அஞ்சல்தான். நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்தது, விரல் அதற்குப் பழகிவிட்டது.

மிச்சம் வேற்றுமை உருபு. எஃப்டிஎஸ்5இல் சொல்லின் விகுதியை வெட்டுவதற்கு இருக்கும் போர்ட்டர் ஆங்கிலத்துக்கானது, தொடவே வேண்டாம். உடுக்குறி (*) போட்டு, சொல்லின் தொடக்கத்தை மட்டும் வைத்துத் தேடுவதுதான் வழி. ஆனால் ‘பால்*’ என்று தேடினால் ‘பாலை’, ‘பாலுக்கு’ வராது, கடைசிப் புள்ளி தடுக்கும். புள்ளியை எடுத்துவிட்டு ‘பால*’ என்று தேடுங்கள். ‘வீடு’ என்றால் உகரத்தை எடுத்து ‘வீட*’. ‘வீட்டில்’ வந்துவிடும், கூடவே ‘வீடியோ’வும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மகர ஒற்றில் முடிபவைதான் தொல்லை. ‘பணம்’ என்பதை ‘பண*’ என்று வெட்டினால் பண்டிகையும் பணியும் வந்து குவியும். நான் ‘பணம*’, ‘பணத்த*’, ‘பணங்க*’ என்று மூன்றாக்கி, நடுவில் ‘அல்லது’ என்று பொருள்படும் ஆங்கில ‘ஆர்’ போட்டுத் தேடுகிறேன். அந்த ‘ஆர்’ பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் அதையும் ஒரு சொல்லாக நினைத்துத் தேடும்.

மும்மூன்று எழுத்தாக வெட்டும் டிரைகிராம் டோக்கனைசர் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். அது சொல்லின் நடுவிலும் தேடும், ஆகவே கோபால் திரும்பி வந்துவிடுவார். எனக்கு வேண்டாம்.

பிற்சேர்க்கை: பீடோரிலிருந்து ஒரு வாசகர், எல்லாம் செய்தும் சில சொற்கள் கிடைக்கவில்லை என்று கோப்பை அனுப்பினார். இணையத்தில் நகலெடுத்த பகுதியில், கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகள் சொல்லின் நடுவே ஒட்டியிருந்தன. அவை குறி வகையில் சேராததால் சொல் மறுபடி வெட்டுப்பட்டது. யூனிகோட்டில் 200பி, 200சி, 200டி என்ற எண் கொண்ட மூன்றையும் நீக்கிவிட்டுச் சேர்க்கச் சொன்னேன், சரியானது.

இன்னொரு பிற்சேர்க்கை: ‘சுங்கை-சிப்புட்’ என்று இடைக்கோடு போட்டுத் தேடினால் அட்டவணையில் அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று பிழை வரும். 12/5/1974 என்று தேதியைத் தட்டினாலும் பிழைதான். பயனர் தட்டுவதை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டு அனுப்புங்கள். உடுக்குறி மட்டும் மேற்கோளுக்கு வெளியே நிற்கட்டும், உள்ளே போனால் அதற்கு வேலை இல்லை.